புவியின் வழித்துணை

(இலக்கிய வட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் மாவி என்றொரு தீவு. அங்கே ஹலேயகலா எரிமலையின் உச்சியில் நிற்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி, 2016 ஏப்ரல் 27 அன்று மிக மங்கலானதோர் ஒளிப்புள்ளியைப் பதிவு செய்தது. 2016 எச்.ஓ.3 எனக் குறிக்கப்பெற்ற அச்சிறுகோளின் அகலம் 40 மீட்டர் முதல் 100 மீட்டர் வரை இருக்கலாம் என மதிப்பிட்டனர். இத்துணைச் சிறிய கல்லை வானியலார் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் அது செல்லும் வழி. கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 366 நாள்கள் ஆகின்றன. புவியின் ஆண்டும் ஏறக்குறைய அதுவே.

புவிக்கு இரண்டாம் நிலவு கிடைத்துவிட்டது என்று அப்போது சிலர் எழுதினர். அது பிழை. புவியின் ஈர்ப்பு ஆட்சி செய்யும் எல்லை ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் மட்டுமே. இச்சிறுகோளோ நிலவின் தொலைவைப் போல் 38 மடங்குக்கு, அதாவது ஒரு கோடியே 45 இலட்சம் கிலோமீட்டருக்கு, உள்ளே வருவதில்லை. புவியே மறைந்துபோனாலும் அது கதிரவனைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஒரே சாலையில் இரு வண்டிகள் செல்கின்றன. ஒன்றன் மாடு மற்றொன்றின் நுகத்தில் பூட்டப்படவில்லை.

ஆயினும் அது புவியை வலம் வருவதுபோல் தோன்றுவது எவ்வாறு? அதன் பாதை சற்றே நீண்ட வட்டம். ஆண்டின் ஒரு பாதியில் புவியைவிடக் கதிரவனுக்கு அணுக்கமாகச் சென்று, விரைந்து முந்துகிறது. மறுபாதியில் புறத்தே விலகிப் பின்தங்குகிறது. பாதையின் தளமும் ஏறத்தாழ 8 பாகை சாய்ந்திருப்பதால் மேலும் கீழும் அசைகிறது. புவியில் நிற்பவர்க்கு இவையனைத்தும் சேர்ந்து ஒரு சுற்றாகத் தெரிகின்றன. காலப்போக்கில் அது முன்னோ பின்னோ நழுவ முற்படும்போது, புவியின் ஈர்ப்பு மெல்ல மீட்கிறது. நூறு நிலவுத் தொலைவுக்கு அப்பால் போகவிடுவதில்லை.

இத்தகைய பொருளைப் போலித் துணைக்கோள் எனலாம். போலி என்பது இன்று பழிச்சொல்லாகிவிட்டது. இலக்கணத்தில் அதற்கு அவ்விழிவு இல்லை. நிலம் என்பது நிலன் என நிற்கும்போது, ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து வந்தும் பொருள் கெடுவதில்லை. அப்பொருளிலேயே இச்சொல் பொருந்தும்.

அதன் இயற்பெயரும் மொழியன்பர் அறியத்தக்கது. கண்டறியப்பட்ட மண்ணின் மொழியிலேயே பெயர் வைக்க வேண்டும் என்று ஹவாய் மொழி பயிலும் மாணவரும் ஆசிரியரும் கூடி முயன்றனர். 1896இல் பள்ளிகளில் பயிற்று மொழி என்னும் நிலையை இழந்த மொழி அது. தங்கள் மரபின் படைப்புப் பாடலிலிருந்து அவர்கள் எடுத்த 'கமோஓஅலேவா' என்னும் பெயரைப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2019இல் ஏற்றது. அசைந்தாடும் துண்டு என்பது பொருள். தனித்துப் பயணம் செய்யும் மகவு என்னும் குறிப்பும் அதில் உண்டு.

மகவு எனின், தாய் யார்? பெயரிட்டோர் இதற்கு விடை தேடினர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 2021இல் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர், அக்கல் எதிரொளிக்கும் ஒளியைப் பகுத்து நோக்கியபோது, அது அப்போலோ பயணத்தார் கொணர்ந்த நிலவுப் பாறைகளை ஒத்திருக்கக் கண்டனர். ஆண்டுதோறும் ஏப்ரலையொட்டிச் சில வாரங்களே காணக்கூடிய மங்கற் பொருளிலிருந்து பெற்ற சான்று அது. 2024இல் மற்றொரு குழுவினர், நிலவின் மறுபுறத்தில் 22 கிலோமீட்டர் அகலமுள்ள ஜியார்டானோ புரூனோ என்னும் பள்ளத்தைச் சுட்டி, அதைத் தோண்டிய மோதலே இக்கல்லை வெளியே எறிந்திருக்கலாம் என்றனர். விண்மீன்கள் யாவும் கதிரவர்களே என்று உரைத்து, 1600இல் உரோமில் சமயப் பகைவராக எரிக்கப்பட்டவரின் பெயர் அப்பள்ளத்துக்கு வாய்த்திருக்கிறது.

எல்லோரும் இதை ஒப்பவில்லை. நெடுங்காலம் வெயிலிலும் விண்துகள் தாக்குதலிலும் கிடந்த வேறொரு சிறுகோளும் இவ்வாறே ஒளிரக்கூடும் என்போர் உளர். ஒளியை வைத்து மட்டும் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது, கல்லே வேண்டும். அதற்காகச் சீனா, 2025 மே 29 அன்று ஷிசாங் ஏவுதளத்திலிருந்து தியான்வென்-2 என்னும் விண்கலத்தை அனுப்பியது. 2026இல் சிறுகோளை அடைந்து, அதன் துகள்களை அள்ளி, 2027இன் இறுதியில் புவியில் சேர்ப்பது என வகுக்கப்பட்ட திட்டம் அது. ஏறத்தாழ 28 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றும் கல்லைத் தொட்டு எடுப்பது எளிய வேலையன்று. வருவது ஒரு கைப்பிடித் துகளாயினும், நிலவின் மண்ணோடு அதை வைத்து ஒப்புநோக்கலாம்.