மௌனமே மேலான துதி

'புகழப் புகழத்தான் இறைவனை நெருங்கலாம்'னு எதிரணி அம்மையார் அழகாச் சொன்னாங்க. நான் ஒருத்தரைக் காட்டுறேன். மைமோனிடிஸ்! ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபாவில் பிறந்த யூதர், எகிப்தில் மருத்துவர், 1204-ல் மறைந்தவர். சுமார் 1190-ல் 'குழம்பியோருக்கு வழிகாட்டி' என்ற நூலை முடித்தார். அதில் என்ன சொல்றார்? கடவுளை 'வல்லவர்' என்றால், 'வலுவில்லாதவர் அல்லர்' என்று மட்டும் புரிஞ்சுக்கோ! ஏன்? நமக்குத் தெரிஞ்ச வல்லவர் பக்கத்துத் தெருப் பயில்வான்தானே! (சிரிப்பு) அந்த முழக்கோலால் அவரை அளக்கலாமா?

இது சொகுசா உட்கார்ந்து எழுதினதா? இல்லீங்க. வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனான். அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கை. அப்படி அழுதவர்தான் பின்னாளில் எழுதினார்: இறைவன் இரங்கினார், சினந்தார் என்பதெல்லாம் அவர் செயலுக்கு நாம் வைத்த பெயர், அவருக்குள் மாற்றமே இல்லை!

வழிபாட்டை விடச் சொன்னாரா? இல்லை. அடுக்கடுக்கான அடைமொழியைத்தான் விடச் சொன்னார். இழப்பில் வாடுகிறவன் முன்னால் நாமே சொல்லிழந்து நிற்கிறோமே. இறைவன் முன்னால் மட்டும் ஏனய்யா இத்தனை சொற்பொழிவு?