பெயருக்குப் பின்னால் எந்த வால்?

(கணியம்பாடியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு. நம்மில் பலர் இன்று சொந்தமாக சர்வீஸ் தொழில் நடத்துகிறோம். ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் மெஷின் ரிப்பேர், பாய்லர் பராமரிப்பு, பம்பு மோட்டார் வேலை என்று. வெப்சைட் போடும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நம்ம பேர்ல டாட் காம் கிடைக்கலை. டாட் ரிப்பேர், டாட் சர்வீசஸ்னு காட்டுதே, வாங்கலாமா?"

முகவரியின் இந்தக் கடைசித் துண்டை நான் வால் என்றே சொல்கிறேன். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2012-ல் புது வால்களுக்கு விண்ணப்பம் கேட்டது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர், வந்தவை 1,930. அப்படிப் பிறந்தவைதான் டாட் பிளம்பிங், டாட் இன்ஜினியரிங், டாட் ரிப்பேர், ஏன், நம்ம ஊருக்கென்றே செய்த மாதிரி டாட் ஷூஸ் கூட.

பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நமக்கு ஆர்டர் எப்படி வருகிறது? டிரம் ஓடுகிற சத்தத்தில் சூப்பர்வைசர் போனில் முகவரி கேட்பார். "டாட் சர்வீசஸ்" என்று நீங்கள் சொன்னால் அவர் "சர்வீஸ்" என்றுதான் அடிப்பார். நம்ம வாயில் பன்மையே வராதே! இல்லையென்றால் பழக்கத்தில் கடைசியில் ஒரு டாட் காம் சேர்த்துவிடுவார். அந்தப் பெயரில் போட்டிக் கடை இருந்தால் ஆர்டர் அங்கே போய்விடும். சில பழைய ஆன்லைன் படிவங்கள் நீளமான வால் கொண்ட ஈ-மெயிலை ஏற்பதே இல்லை. கொட்டேஷன் அனுப்ப முடியாவிட்டால் பெயர் அழகாக இருந்து என்ன பயன்?

வால் தொழிலைச் சொல்லலாம், தகுதியைச் சொல்லாது. டாட் ரிப்பேர் வாங்க ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, பணம் இருந்தால் போதும். இதற்கு நேர்மாறு டாட் பேங்க் டாட் இன். போலி வங்கித் தளங்களால் மக்கள் ஏமாறுவதைப் பார்த்து, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் இந்த வாலுக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பதிவு செய்து தருவது ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம் மட்டும், வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. அந்த வாலுக்கு அர்த்தம் இருக்கிறது, காவல் இருப்பதால்.

பக்கத்திலேயே பாருங்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் முகவரி டாட் எடு என்று முடிகிறது. அது கல்வி நிறுவனங்களுக்கான வால், ஆஸ்பத்திரிக்கு உரியதே அல்ல. கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் அதையா பார்த்தார்கள்? புள்ளிக்கு முன்னால் "வேலூர்" என்று இருக்கிறது, போதும்.

ஆகவே என் யோசனை: தொழிலையும் ஊரையும் புள்ளிக்கு முன்னால் வையுங்கள், பின்னால் டாட் இன் போதும். 2005 முதல் அது எல்லாருக்கும் திறந்திருக்கிறது. விசிட்டிங் கார்டில் க்யூ.ஆர். கோடு அச்சடித்து, யாரும் கையால் அடிக்கப்போவதில்லை என்றால் டாட் ரிப்பேரும் வாங்கிக்கொள்ளலாம், முதல் தளத்துக்கே திருப்பிவிட்டு. ஆனால் முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீர்கள். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

இன்னொன்று. வெப்சைட் செய்து தருகிற தம்பி தன் பெயரிலேயே பதிவு செய்துவிடுவது உண்டு. அவர் துபாய் போய்விட்டால் உங்கள் முகவரியும் கூடவே போச்சு. பதிவு யார் பெயரில், எந்த ஈ-மெயிலில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் போனோடு என்னிடம் வாங்க, பார்த்துச் சொல்றேன். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.