தீர்ப்புக்குப் பின் முப்பது நாள்

எருமப்பட்டியில் நின்று விபத்து நஷ்டஈட்டைப் பற்றிப் பேச முன்னுரை தேவையில்லை. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் லாரியை நம்பாத தெரு குறைவு. ஒரு வீட்டில் டிரைவர், அடுத்த வீட்டில் கிளீனர், அதற்கடுத்த வீட்டில் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளி அல்லது முட்டை லோடு ஏற்றுபவர். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. நஷ்டஈட்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் தொகை கூடுதலா குறைவா என்றே வாதிடுகிறார்கள். என் வாதம் வேறு. தொகையைக் கணக்கிடும் முறை ஓரளவு சீராகிவிட்டது. பணம் கைக்கு வரும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த அடைப்பை நீக்கும் அதிகாரத்தில் பெரும்பங்கு டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த 35 வயது டிரைவர் ஒருவர் வேறொரு வண்டி மோதி இறந்துபோகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி, வருங்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 3,36,000. அவர் தமக்கெனச் செலவழித்திருக்கக்கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 2,52,000. 2009இன் சரளா வர்மா தீர்ப்பு அந்த வயதுக்குத் தரும் பெருக்கு எண் 16. ஆக 40,32,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்செலவும் துணையை இழந்ததற்கான தொகையும் உண்டு. நீதிபதிக்கு நீதிபதி மாறிக்கொண்டிருந்த தொகை இன்று வக்கீலின் குமாஸ்தாவே போட்டுச் சொல்லக்கூடிய கணக்காகிவிட்டது. இது பெரிய சாதனை. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட நிலையான தொகைகள் இந்த வேலையைச் செய்யவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1994இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தது. விலைவாசி எங்கோ போனபிறகும் அது 2018 வரை அப்படியே நின்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975இல் மருத்துவத் தவறு வழக்குகளில் வலிக்கும் வேதனைக்குமான இழப்பீட்டுக்கு 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். தொகையைச் சட்டத்தில் உறைய வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு ஏழையின் பங்குதான் தேயும்.

இனி அடைப்புக்கு வருகிறேன். தீர்ப்பு சொன்ன முப்பது நாளுக்குள் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆம் பிரிவு. நாமக்கல் லாரி மோதியிருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டும். இழுத்தடிக்கும், அப்பீல் போகும், ஆனால் கட்டும். அரசுப் பஸ் மோதியிருந்தால் நிலைமை வேறு. அதே சட்டத்தின் 146ஆம் பிரிவு, அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளுக்குக் கட்டாய இன்சூரன்ஸிலிருந்து விலக்கு அளிக்க அரசை அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: நஷ்டஈடு கொடுப்பதற்கென்றே ஒரு நிதி இருக்க வேண்டும். விலக்கைத் தமிழ்நாடு முழுதாகப் பயன்படுத்திக்கொண்டது. நிபந்தனை எப்படி நிறைவேறுகிறது என்பதற்குச் சாட்சி நம் பஸ் நிலையங்களே. விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்ற மனுப் போட்டு ஜெயித்தவர், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மறுபடி இ.பி. என்ற மனுப் போட்டு, கோர்ட்டு அமீனாவோடு வந்து, பயணிகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தி தமிழ்நாட்டில் புதிதே அல்ல. தேர்டு பார்ட்டி பிரீமியம் கட்டாத லாரியைச் சாலையில் விடாத அரசு, இன்சூரன்ஸே இல்லாமல் ஏறத்தாழ 20,000 பஸ்களை ஓட்டுகிறது. சாலையில் அடிபட்டு விழுகிறவர், எந்த வண்டி மோதியது என்பதைப் பொறுத்து இரண்டு வகைக் குடிமக்களாகிவிடுகிறார்.

கழகங்கள் நட்டத்தில் ஓடுகின்றன, நஷ்டஈட்டை உடனே கொடுத்தால் ஏழைகளின் பஸ்தான் நிற்கும் என்பது இதற்கு வரும் மறுப்பு. எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பு அல்ல இது. மலையடிவாரக் கிராமத்துக்கு அரசுப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் தாமதம் கடனைக் குறைப்பதில்லை, வட்டியோடு வளர்க்கிறது. நம் நீதிமன்றங்கள் வழக்கமாக விதிக்கும் 7.5 விழுக்காட்டில் 40 லட்சத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் 3 லட்சம். அதோடு ஜப்தியான பஸ் அன்றைக்கு ஓடாது. ஜப்தி முறையே போதுமே என்பாரும் உண்டு. அது இரண்டாம் முறையும் வக்கீல் வைக்க முடிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயம்.

பொய் வழக்குகள் பெருகிவிட்டன என்பது இன்னொரு மறுப்பு. உண்மை இல்லாமல் இல்லை. அவற்றை விசாரிக்க உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத் உயர் நீதிமன்ற ஆணையால் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைந்தது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் கண்ட மருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு. 1994இல் நாடாளுமன்றமே நீக்கிய கெடு இது. 2022 ஏப்ரல் முதல் திரும்ப வந்திருக்கிறது. பொய் வழக்கைத் திட்டமிடுகிறவன் கெடுவைத் தவறவிடமாட்டான். தவறவிடுபவர் யார்? நாக்பூருக்கு அப்பால் கணவனைப் பறிகொடுத்து, மராத்தியில் எழுதிய எஃப்.ஐ.ஆரையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வாங்க அலையும் எருமப்பட்டிப் பெண். பொய்யைப் பிடிக்கும் உண்மையான கருவி, 2022 முதல் நடப்பிலுள்ள மத்திய விதிகளில் இருக்கிறது: போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டம் சொல்கிறது. அது ஒழுங்காக நடந்தால் பொய்க்கு இடுக்கில்லை, மெய்யானவருக்குக் கெடுவும் தடையில்லை. போலீஸோ மாநில அரசின் கையில் இருக்கிறது.

தீர்ப்பாயங்களை அமைப்பதும் அவற்றின் நடைமுறை விதிகளை எழுதுவதும் அதே சட்டப்படி மாநில அரசின் வேலை. ஆறு மாதக் கெடுவை மாற்ற மட்டுமே சட்டமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். மோட்டார் வாகனமும் உரிமையியல் நடைமுறையும் பொதுப் பட்டியலில் உள்ளவை. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலத் திருத்தம் செல்லும். சுயமரியாதைத் திருமணத்துக்கும், மகளுக்குச் சொத்தில் சம பங்கு தரவும், ஜல்லிக்கட்டுக்கும் நாம் நடந்த பாதை அது. பஸ் நஷ்டஈட்டு நிதிக்கோ அந்த ஒப்புதல்கூட வேண்டாம். ஒவ்வொரு கழகமும் கிலோமீட்டர் கணக்கில் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, வேறு செலவுக்கு அதைத் தொடாமல், தீர்ப்புத் தேதி வரிசைப்படி பட்டுவாடா செய்து, அந்த வரிசையை மாதந்தோறும் தீர்ப்பாய வாசலில் ஒட்டலாம். ஒட்டினால், தன் பெயர் எத்தனையாவது என்பதை நாமக்கல் கோர்ட்டில் காத்திருக்கும் பெண் வக்கீலைக் கேட்காமலே படித்துக்கொள்வார்.