தக்காளி வேரைப் பிடுங்கிப் பாருங்கள்

(தோட்டக் குடும்பங்களுக்கான மாதாந்தக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு கடற்கரைத் தக்காளியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம்ம லயத்துப் பிள்ளை ஒருவர் கற்பிட்டிப் பக்கம் போய், குத்தகைக்கு அரை ஏக்கர் எடுத்துத் தக்காளி போட்டார். அம்மாவின் தோட்டை அடகு வைத்த காசு. முதல் போகம் சுமாராக வந்தது. இரண்டாம் போகத்தில் செடி குட்டையாகி, பழம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. கடைக்காரர் சொன்னபடி மூன்று விதமான மருந்து வாங்கி அடித்தார். ஒன்றுமே கேட்கவில்லை. கிணறு உப்பாகிவிட்டது என்றார்கள், விதை பழுது என்றார்கள், கண்ணூறு என்றும் சொன்னார்கள்.

தலவில சந்தன மாதா திருவிழாவுக்கு நம்ம ஆட்கள் போன பஸ்ஸிலே நாமும் போயிருந்தோம். திரும்பும் வழியில் அந்தத் தோட்டத்துக்குப் போய் ஒரு செடியை மண்வெட்டியால் தோண்டி எடுத்துப் பார்த்தோம். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. அத்தனை நாளும் இலையைப் பார்த்து மருந்து அடித்தார்களே தவிர, வேரை ஒருவரும் பார்க்கவில்லை.

இதுதான் வேர்முடிச்சு வட்டப்புழு. இந்தியப் புத்தகங்களில் நூற்புழு என்று எழுதுவார்கள். மண்புழு மாதிரி கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு அரை மில்லிமீற்றர் நீளம்கூட இல்லை. வேர் நுனியால் உள்ளே புகுந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். அது உறிஞ்சுகிற இடத்தில் வேர் வீங்கும். செடிக்குப் போக வேண்டிய தண்ணியும் பசளையும் அந்த வீக்கத்தோடு நின்றுவிடும். பெண் புழு ஒன்று முந்நூறு, ஐந்நூறு என்று முட்டை இடும். சூடான மண்ணில் முட்டை குஞ்சாகி மறுபடி முட்டை இட ஏறக்குறைய ஒரு மாதம் போதும். தக்காளி நாலு மாதம் நிலத்தில் நிற்கிறதென்றால், அதற்குள் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கற்பிட்டி மணல் இந்தப் புழுவுக்கு மாமியார் வீட்டு விருந்து. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே நீண்ட மணல் திட்டு. மணலில் இடைவெளி அதிகம், சூடு அதிகம், கிணற்றிலிருந்து இறைப்பதால் ஈரமும் குறைவதில்லை. தக்காளி எடுத்த கையோடு கத்தரி, பிறகு வெண்டி, பிறகு போஞ்சி என்று போடுகிறார்கள். நாலும் புழுவுக்குப் பிடித்த சாப்பாடு. பட்டினி என்பதே அதற்குத் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மத்தியானம் செடி வாடும், பொழுது சாய்ந்தால் தேறும். தோட்டம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது, அங்கங்கே திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும். பக்டீரியா வாடல் வேறு. அதில் பச்சைச் செடியே திடீரென்று சாயும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணிக் கிளாசில் பிடித்தால் பால் போல நூல் இறங்கும். போஞ்சி வேரிலும் முடிச்சு இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சு வேரே வீங்கினது. வேரைப் பிய்த்தாலொழிய வராது.

இனி மருந்து விஷயம். வந்த புழுவை அடியோடு ஒழிக்கிற மருந்து இல்லை. வேர்ப்புழுவுக்கென்று இருந்த டீ.பீ.சீ.பீ. என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றில், 1977 இல் ஆண் தொழிலாளர்கள் பலருக்குப் பிள்ளைப் பாக்கியமே இல்லாமல் போனது தெரியவந்தது. அமெரிக்கா 1979 இல் அதைப் பெருமளவில் தடை செய்தது. மெத்தில் புரோமைட் வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளும் 2015 க்குள் பயிர் மண்ணுக்கு அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கற்பிட்டியில் இன்னொரு ஆபத்து, குடிக்கிற கிணறு. அங்கே நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. கொட்டுகிற பசளை மணலில் நிற்காமல் கீழே போய், கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். பசளை போகிற வழியில் விஷம் போகாதா? அந்தப் பிள்ளை வாங்கி வைத்திருந்த குறுணை மருந்துப் பையிலே லேபலே இல்லை. அதைத் தொட வேண்டாம், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அப்போ என்ன செய்வது? முதலாவது நாற்று. புழு பெரும்பாலும் நாற்றோடுதான் ஊர் ஊராகப் போகிறது. நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்துவிட்டு விதை போடுங்கள். இல்லாவிட்டால் மேடையை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அமுக்கி, நல்ல வெயில் காலத்தில் நாலு முதல் ஆறு கிழமை விடுங்கள். இஸ்ரேலில் கட்டான் என்ற விஞ்ஞானி 1976 இல் எழுதிய முறை இது. கறுப்புப் பொலித்தீனை விட வெளிச்சம் ஊடுருவுகிறதே நல்லது. மேல் மலைக் குளிரில் இது அவ்வளவாகப் பலிக்காது, அங்கே எரிப்பதே மேல்.

இரண்டாவது, அறுவடை முடிந்ததும் வேரை நிலத்தில் விடாதீர்கள். அன்றைக்கே கிளப்பிக் காயவைத்து எரியுங்கள். எருக்குழியில் போட்டால் அடுத்த போகத்துக்கு நாமே புழுவைக் காவிக்கொண்டு போகிறோம்.

மூன்றாவது, பயிர் மாற்றம். கச்சானில் தக்காளிப் புழுவின் பெரும்பாலான இனங்கள் பெருகாது. சணல் விதைத்து மண்ணோடு மடிக்கலாம். செண்டுமல்லியை, சிங்களத்தில் தாஸ்பெத்தியா என்பார்களே, ஒரு போகம் நெருக்கமாக நட்டால் அதன் வேர்ச்சாறு புழுவுக்கு ஆகாது. வரப்பில் நாலு செடி வைத்தால் பூ கோயிலுக்கு ஆகும், புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

நமக்கு இது புதுசு இல்லை. பழைய தேயிலையைப் பிடுங்கினதும் கோத்தமாலா புல்லோ மானாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருஷம் வளர்க்கிறார்களே, துரை காணியைச் சும்மா போட்டிருக்கிறார் என்று நாமும் முணுமுணுத்திருக்கிறோம். மண் தேறுவதோடு, வேர்ப்புழு பட்டினி கிடக்கிற காலமும் அதுதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த லூஸ் என்பவர் 1953 இலேயே தேயிலையின் வேர்முடிச்சுப் புழு ஒன்றை விவரித்து எழுதினார். தேயிலை வேரை அரிக்கிற இன்னொரு புழுவுக்கு 1960 இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

எதிர்ப்புச் சக்தியுள்ள தக்காளி விதையும் உண்டு. பக்கற்றில் 'என்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். காட்டுத் தக்காளியிலிருந்து வந்த குணம் அது. ஆனால் மண்ணின் சூடு 28 பாகைக்கு மேலே போனால் அந்தச் சக்தி தளர்ந்துவிடும். கற்பிட்டியில் அதை மட்டும் நம்பிக் காசைப் போடாதீர்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கூடுதலாகக் கைகொடுக்கும்.

அந்தப் பிள்ளை இந்தப் போகம் கச்சான் போட்டிருக்கிறார். தோடு இன்னும் அடகில்தான். வட்டி கட்ட, பாதி நாள் வேறு ஆளுடைய வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். தக்காளி அடுத்த வருஷம்தான்.

ஒரு கடைசி வேண்டுகோள். திருவிழாவுக்குப் போனவர்களில் சிலர் அங்கிருந்து தக்காளி நாற்று கொண்டுவந்து லயத்துப் பின்னால் நட்டிருக்கிறீர்கள். நமக்குத் தெரியும், கோபமில்லை. தேயிலை நாற்றையும் இந்த இனப் புழு பிடிக்கும், நம்ம தவறணையோ லயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு, ஆளுக்கு ஒரு செடியை வேரோடு கிளப்பி, மண்ணை வழியில் உதறாமல் பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைக் காம்பிராவுக்குப் பக்கத்து மடுவத்துக்குக் கொண்டு வாருங்கள். தவறணை வழியாக வராமல் மேல் ரோட்டால் வாருங்கள். மண்வெட்டியையும் கழுவிவிடுங்கள்.