வீங்கிய முகத்தைத் தூக்கக் கலக்கமென்று எண்ணாதீர்கள்
(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், நமது மக்தபில் ஓதிவந்த ஒரு சிறுவன் இமைகள் வீங்கிய முகத்துடன் காலை வகுப்பிற்கு வந்தான். இரவு நெடுநேரம் விழித்திருந்தான் போலும் என்றெண்ணிக் கடிந்து கொண்டோம். மூன்றாம் நாள் அவனது சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்திருப்பதைக் கண்ட தாயார், பதறி மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. சிறுநீரக அழற்சி என்றார் மருத்துவர். நாம் கடிந்துரைத்த சொல் இன்றளவும் நெஞ்சை உறுத்துகிறது. ஆகவே, அன்று அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் குளோமெருலஸ் எனப்படும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை வடிக்கின்றன. பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர, 1 முதல் 2 லிட்டர் வரையே சிறுநீராகிறது. இம்முடிச்சுகள் அழற்சியுற்றால் இரத்த அணுக்களும் புரதமும் சிறுநீரில் கசியும். உப்பும் நீரும் உடலில் தேங்கும். வீக்கமும் இரத்தக் கொதிப்பும் அதனால் வருபவையே.

அச்சிறுவனுக்கு வினையானது காலில் வந்திருந்த சிரங்கு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருட்கள், அக்கிருமியின் கூறுகளோடு கூடி இம்முடிச்சுகளில் படிந்து விடுகின்றன. தொண்டைப் புண்ணுக்குப் பின் 1 முதல் 3 வாரங்களிலும், சிரங்குக்குப் பின் 3 முதல் 6 வாரங்களிலும் நோய் தலைகாட்டும். புண் ஆறிவிட்டதென்று நாம் மறந்திருக்கும் வேளை அது! குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் குணமடைகின்றனர். அவனும் குணமடைந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

பெரியவர்களிடம் இவ்வழற்சி வேறு காரணங்களாலும் வரும். பல நேரங்களில் வலியே இராது. பாரிஸ் மருத்துவர் பெர்ஜே 1968இல் விவரித்த ஐ.ஜி.ஏ. நோய் அத்தகையது. ஆண்டுகள் பல கழித்துச் சிறுநீரகம் செயலிழந்த பின்னரே தெரியவந்தோரும் உண்டு. சிறுநீரில் விடாத நுரையோ, செந்நிறமோ கண்டால் தாமதியாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் பெருஞ்செலவு அல்ல. வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்பதைத் தவிருங்கள். நோன்பு நோற்பது பற்றியும் மருத்துவரைக் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை மறுக்காதீர்கள்.

இப்போதெல்லாம் பாடம் கேட்கும் முன் பிள்ளைகளின் முகத்தையும் கைகால்களையும் பார்க்கிறோம். சிரங்குள்ள பிள்ளைக்குத் தனித் துண்டு, உடனே மருந்து. இல்லந்தோறும் தாய்மார்களும் இவ்வாறே பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.