கட்டணம் கேட்காத கதவுகள்



பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் என்னைப் போன்ற பெற்றோர் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். எதைப் பார்த்தாலும் டாலரை ரூபாயாக்கிக் கணக்குப் போடுவது நம் வழக்கம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம். இந்த செயின்ட் லூயிஸில் அதற்கு அவசியமே இல்லை. ஃபாரஸ்ட் பார்க் என்னும் பூங்காவில் நான் கழித்த ஒரு நாளே அதற்குச் சாட்சி.

காலையில் அங்குள்ள உயிரியல் பூங்காவுக்குப் போனோம். நுழைவுச்சீட்டு கிடையாது. எந்த நாட்டவர் என்று கேட்பாரும் இல்லை. அங்கே 228 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட பறவைக்கூண்டு இருக்கிறது. 1904ஆம் ஆண்டு இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காக ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுப்பியது அது. கண்காட்சி முடிந்ததும் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஊர்மக்கள் விட மனமில்லாமல் நின்றார்கள். நகரம் 3,500 டாலர் கொடுத்து அதை வாங்கியது. இந்த உயிரியல் பூங்காவுக்கு வித்து அந்தக் கூண்டுதான். முதல் யானையை வாங்கப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளைச் சேர்த்துத் தந்தார்கள். பூங்காவைக் கட்ட, 1916இல் பெரியவர்கள் தங்கள் மேல் தாங்களே வரி விதித்துக்கொள்ள வாக்களித்தார்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மேட்டின் மேல் கலை அருங்காட்சியகம். காஸ் கில்பர்ட் வடிவமைத்த அந்தக் கட்டடமும் 1904 கண்காட்சிக்கு எழுந்ததே. கலைக்கு அர்ப்பணம், அனைவருக்கும் இலவசம் என்று முகப்பிலேயே பொறித்திருக்கிறார்கள். மோனேயின் அல்லிக்குளம் கண்ணை நிறைத்தது. ஆனாலும் என்னை நகரவிடாமல் நிறுத்தியவர் மாக்ஸ் பெக்மன். நாஜிகளின் இழிவுரைக்கு ஆளாகி 1937இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஓவியர் அவர். ஆம்ஸ்டர்டாமில் பத்தாண்டுகள் கழித்தவரை, 1947இல் இந்த ஊரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. இன்று அவருடைய ஓவியங்கள் உலகிலேயே மிகுதியாக இருப்பது இந்த அருங்காட்சியகத்தில்தான். நாடிழந்து வந்தவரை ஓர் ஊர் எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. அதே 1904 கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து, குடிசைகளில் அமர்த்தி, காட்சிப்பொருளாக்கி வேடிக்கை பார்த்தார்கள். அன்று வெளிநாட்டவர் வேடிக்கைப் பொருள். இன்று அதே மண்ணில் வெளிநாட்டவனான நான் நிமிர்ந்து நடக்கும் பார்வையாளன். இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. மனிதரை மனிதராக மதிக்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. கதவுகள் இலவசமாகத் திறந்திருக்கவும் தலைமுறை தலைமுறையாக ஆள் வேண்டியிருந்தது. 1971இல் நகரமும் கவுண்டியும் சேர்ந்து வாக்களித்து, இந்த நிறுவனங்களைக் காக்கும் வரியை ஏற்றுக்கொண்டன. முகம் தெரியாத அந்த மக்கள் கொடுத்த பணத்தில்தான் நான் யானையையும் பார்த்தேன், ஓவியத்தையும் பார்த்தேன்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அருவியும் கடைவீதியும் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், இந்த இரண்டு இடங்களுக்கும் அழைத்துப் போங்கள். வாக்குரிமை பெற்றவர்கள், பொது நூலகம், பூங்கா, அருங்காட்சியகம் தொடர்பான வரி வாக்கெடுப்புக்கு வரும்போது தவறாமல் வாக்களியுங்கள். நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள். கதவில் கட்டணம் கேட்காதீர்கள். இந்த ஊர் நமக்குச் செய்ததை நாம் இந்த ஊருக்குச் செய்வோம்.