மேடை நாடகமும் ஆங்கிலப் பயிற்சியும்

 

நீலமலையின் அவலாஞ்சி என்னும் ஊர்ப்பெயர் தமிழ்ப்பெயர் அன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நேர்ந்த பெருஞ்சரிவைக் கண்ட வெள்ளையர், சரிவைக் குறிக்கத் தாம் வழங்கிய சொல்லையே அவ்விடத்திற்குப் பெயராக்கினர். மலைமக்களின் நாவோ அதன் இறுதியில் ஓர் இகரத்தைச் சேர்த்துத் தன் இயல்புக்கு வளைத்துக்கொண்டது. அயன்மொழிக்கு அடிமையாதல் ஒன்று; அயன்மொழியை நம் நாவுக்கு அடங்கச் செய்தல் மற்றொன்று. தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் சிக்கல், இவ்விரண்டனுள் எதனைத் தேர்வது என்பதே.

அம்மலையில் தோடரும் கோத்தரும் படகரும் தத்தம் மொழி பேசி வாழ்கின்றனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி உடன்பாட்டிற்குப் பின் இலங்கையினின்று திரும்பிய தமிழரும் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கின்றனர். இவர்தம் வீடுகளில் ஆங்கிலம் வழங்குவதில்லை. செவியாற் கேளாத மொழியைப் பிள்ளை கரும்பலகையில் மட்டுமே காண்கிறது, கண்டதைப் படியெடுக்கிறது, பொருள் அறியாமல் ஒப்பிக்கிறது, வாய்திறக்கச் சொன்னால் அஞ்சுகிறது. இவ்வச்சத்தைக் கண்ட பெற்றோர், எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே படித்தால் அம்மொழி வந்துவிடும் என்று மயங்குகின்றனர். 2012-13 தொடங்கி அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியதற்கு இம்மயக்கமும் ஒரு தூண்டுகோல். கணக்கும் அறிவியலும் விளங்காமற் போனதன்றி, ஆங்கிலமேனும் வந்ததா? மொழியைக் கற்பதற்கு வழி வேறு. பயிற்றுமொழியை மாற்றுவது வேறு.

அவ்வழிகளுள் சிறந்தது நாடகம். இது தமிழர்க்குப் புதிதன்று. இயல், இசை, நாடகம் என மொழியையே மூன்றாகக் கண்டவர் தமிழர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென்றே ஓர் இயல் வகுத்தார். தமிழ்ப்பற்றால் தம் பெயரையே மாற்றிக்கொண்ட பரிதிமாற்கலைஞர், 1897-இல் 'நாடகவியல்' என்னும் நூலை யாத்தார். ஆங்கில நாடகங்களை நன்கு கற்றிருந்தும் அவர்தம் தமிழ் எள்ளளவும் குன்றவில்லை.

அதே 1897-இல், இங்கிலாந்தின் சசெக்சுப் பகுதியில் சொம்ப்டிங்கு என்னும் சிற்றூர்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார் ஆரியட்டு பின்லே சான்சன் என்னும் அம்மையார். 1910 வரை அங்குப் பணியாற்றிய அவர், பாடங்களைப் பிள்ளைகளே நாடகமாக்கி நடிக்கச் செய்தார். அப்பிள்ளைகள் நடித்தது தம் தாய்மொழியில் என்பதை மறத்தலாகாது. தாய்மொழியில் நடித்துத் தேறிய பிள்ளைக்கே பிறமொழி மேடையும் எளிதாகும்.

இனி, செயல்முறையைக் காண்போம். அவலாஞ்சியில் 2019 ஆகத்துத் திங்களில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மிகுதியாக மழை கொட்டியது. அம்மழையையே நாடகமாக்கலாம். ஒரு பிள்ளை முகில், ஒரு பிள்ளை மலை, சிலர் மரங்கள், ஒருவன் மாடு மேய்ப்பவன், எஞ்சியோர் அனைவரும் ஊரார். கதையை முதலில் தமிழிலோ வீட்டுமொழியிலோ கூறி நடிக்கச் செய்தல் வேண்டும். பின்னரே மழை, மலை, ஓடு, நில், வா என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை, மூன்று நான்கு சொல் அளவான தொடர்களில் அமைத்துத் தருதல் வேண்டும். 'ஓடு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் கால் ஓடுமாயின், அச்சொல்லுக்குப் பொருள் கூற அகரமுதலி எதற்கு? ஒரே தொடரை நூறுமுறை சொல்லச் சொன்னால் சலிக்கும் பிள்ளை, ஒத்திகையில் நூறுமுறை சொல்லியும் சலிப்பதில்லை. வேறொருவராக நின்று பேசுவதால் அச்சமும் அகலும்.

எனினும் இரண்டு குறைகளுக்கு இடந்தரலாகாது. நன்கு பேசும் இருவரை மேடையேற்றி மற்றவரை வேடிக்கை பார்க்க வைத்தல் முதற்குறை. ஊரார் என்னும் குழுவுக்கும் உரையாடல் அமைத்தால் அது நீங்கும். கிளிப்பிள்ளைபோல் மனப்பாடம் செய்வித்தல் இரண்டாவது குறை. வேடங்களை மாற்றியும், ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு புதுத்தொடர் சேர்க்கச் செய்தும் அதனைக் களையலாம். நடிக்கும்போது இடைமறித்துப் பிழைதிருத்துதல் வேண்டா. நாடகம் முடிந்தபின் திருத்துதல் போதும். ஆண்டுவிழா ஒப்பனையினும் நாள்தோறும் நிகழும் சிறு நடிப்பே பயன் மிகத் தரும்.

2022-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றை ஆடலும் பாடலும் கதையும் கொண்டு கற்பிக்க வழிவகுத்தது. அவ்வாயிலை ஆசிரியர்கள் முழுமையாகப் பயன்கொள்ளல் வேண்டும்.

அவையோரே! ஆங்கிலத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது தமிழ்க்காப்பு ஆகாது. மறைத்தால், 'தமிழ்வழி படித்தால் ஆங்கிலம் வாராது' என்னும் பழிச்சொல்லே வலுப்பெறும். தமிழ்வழி பயிலும் மலைப்பிள்ளை மேடையேறித் தெளிவாக ஆங்கிலமும் பேசிக் காட்டுமாயின், அப்பழி அன்றே பொய்த்துப்போகும். ஆங்கிலம் ஒரு பாடமாக அமைக. தமிழே பயிற்றுமொழியாக நிலைக்க!

வாழ்க தமிழ்!